தேங்காய் மட்டையும் சைக்கிள் ஹெல்மெட்டும்

(திரையில்: வீட்டின் பின்புறச் சிமெண்ட் தரை. இரண்டு தேங்காய்கள். ஒன்று உரித்தது, ஒன்று மட்டையோடு.)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சைக்கிள் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். அதற்கு எதற்கு இரண்டு தேங்காய் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

உரித்த தேங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை. காவடிச் சமயத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மட்டையோடு ஒன்று கிடைப்பதுதான் லேசில்லை. இது மொசாம்பிக்கிலிருந்து வந்தது. நண்பர் ஒருவர் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" என்றார். "கீழே போடப்போகிறேன்" என்றேன். அப்போது அவர் முகம் போன போக்கைப் படம்பிடிக்காமல் விட்டது என் தப்பு.

சரி, போடுவோம். சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை ஏறக்குறைய இந்த உயரத்தில்தான் இருக்கும்.

(உரித்த தேங்காய் விழுகிறது. மெதுவாக ஓடும் காட்சி.)

"டொக்" என்று ஒரு சத்தம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய விரிசல் ஓடி, தண்ணீர் கசிகிறது.

(மட்டைத் தேங்காய் விழுகிறது.)

இது "தொம்". புரண்டு படுத்துவிட்டது, அவ்வளவுதான். மரத்து உச்சியிலிருந்து விழுந்து பழகிய காய்க்கு ஒன்றரை மீட்டர் எம்மாத்திரம்?

உள்ளே இருக்கும் சிரட்டை இரண்டு காய்க்கும் ஒன்றுதான். மட்டைத் தேங்காயைக் காப்பாற்றியது எந்தக் கெட்டியான பொருளும் இல்லை. நாரும் காற்றுமாக, விரலால் அமுக்கினால் அமுங்குகிற அந்த மட்டைதான் காப்பாற்றியது. சைக்கிள் ஹெல்மெட்டின் சூட்சுமம் முழுக்க இதற்குள் இருக்கிறது. கெட்டியாக இருப்பதால் ஹெல்மெட் தலையைக் காக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படியில்லை. நசுங்குவதால்தான் காக்கிறது.

(திரையில்: மேசைமேல் ஒரு பழைய ஹெல்மெட். கேமரா அருகே போகிறது.)

இது என் ஹெல்மெட். மேலே இருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக், தயிர் டப்பா மூடியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவே. உள்ளே வெள்ளையாக இருப்பது நமக்குத் தெரிந்த பொருள்தான். டிவி பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களே, அந்தத் தெர்மாகோல். கொஞ்சம் அடர்த்தி கூட்டி வார்த்திருக்கிறார்கள்.

வலது காதுக்குப் பின்னால் பாருங்கள். தெர்மாகோல் மூன்று கீற்றாகப் பிளந்திருக்கிறது. அந்த இடத்தில் விரலை வைத்தால் ஒரு சின்னக் குழி தட்டுப்படும். மற்ற இடமெல்லாம் இரண்டரை சென்டிமீட்டர் கனம். இங்கே மட்டும் ஸ்கேல் வைத்து அளந்தால் ஒன்றுக்கும் குறைவு.

இது நடந்தது கடற்கரை நடைபாதையில். உஷாக்காவிலிருந்து புளூ லகூன் வரை போகும் அந்தப் பாதையை டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல். காரும் கிடையாது, டாக்சியும் கிடையாது. ஊரிலேயே பத்திரமாகச் சைக்கிள் ஓட்ட ஓர் இடம் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன். முந்தின நாள் காற்றில் கடல் மணல் வந்து செங்கல் தளத்தில் ஒரு விரிப்புப் போலப் படிந்திருந்தது. நான் ஒன்றும் பறக்கவில்லை. எதிரே ஒரு குழந்தை ஓடிவர, ஹேண்டிலை லேசாகத் திருப்பினேன். முன் சக்கரம் வழுக்கியது. கை ஊன்றக்கூட நேரமில்லை. தோள் முதலில் பட்டது, அப்புறம் தலை. பட்ட இடம், புல்வெளியைச் சுற்றிக் கட்டியிருக்கிற கான்கிரீட் விளிம்பு.

எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுதான். தோளில் சிராய்ப்பு, இரண்டு நாள் கழுத்து வலி. ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளங்கால் கூசியது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

(திரையில்: கரும்பலகை.)

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து எது விழுந்தாலும், தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 5.4 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வேகம் பூஜ்யமாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் உங்கள் உயிர் இருக்கிறது. வெறும் தலை என்றால் தோலும் அதற்கடியில் இருக்கும் சதையும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே மில்லிமீட்டரில் நிற்க வேண்டுமானால், புவியீர்ப்பைப் போல 500 மடங்கு வேகக்குறைப்பு தலைக்குள் நடக்கிறது. அதே தலை, தெர்மாகோல் இரண்டு சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் அது சுமார் 75 மடங்கு. இது சராசரிக் கணக்கு. நிஜத்தில் உச்சம் இதைவிட ஏறும். ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்திருக்கும். அந்த 17 மில்லிமீட்டருக்குத்தான் நாம் கடையில் காசு கொடுக்கிறோம்.

ஹெல்மெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் இஎன் 1078 என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியத் தரம். மனிதத் தலை வடிவில் செய்த உலோகப் பொம்மைக்கு மாட்டி, தட்டையான இரும்பின்மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் விழவிடுவார்கள். உள்ளே இருக்கும் கருவி காட்டும் வேகக்குறைப்பு, புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் தட்டையான இரும்பின்மேல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள், வரம்பு 300. ஆக, நம் பென்சில் கோட்டுக்கும் ஐரோப்பியச் சோதனைக்கும் பெரிய தூரமில்லை.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் வரும். "20 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் சோதிக்கிறான், நான் 35-ல் போகிறேன், அப்புறம் என்ன பிரயோசனம்?" என்பார்கள். நீங்கள் 35-ல் போனாலும் வழுக்கி விழும்போது தலை தரையை நோக்கி இறங்குவது அதே ஒன்றரை மீட்டர்தான். முன்னோக்கிப் போகிற வேகம் பெரும்பாலும் சறுக்கலாக, சிராய்ப்பாகக் கழிந்துவிடும். நேரே சுவரிலோ கம்பத்திலோ மோதினால் கதை வேறு.

மட்டை காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது. அந்த மட்டைத் தேங்காயை எடுத்துக் காதருகே வைத்துச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பிப் பாருங்கள். ஓடு திரும்பிவிடும், உள்ளே தண்ணீர் பின்தங்கி வந்து சலசலக்கும். மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான். தலை சாய்வாகத் தரையில் பட்டுச் சட்டென்று சுழலும்போது, மண்டையோடு திரும்பிய அளவுக்கு மூளை உடனே திரும்புவதில்லை. உள்ளே நரம்பு இழைகள் இழுபடுகின்றன. எலும்பில் கீறல்கூட இல்லாமல் மனிதன் நினைவு தப்பிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். ஸ்வீடனில் ஒரு நரம்பு அறுவை மருத்துவரும் ஒரு பொறியாளரும் 1990-களின் நடுவில் இதை யோசிக்க ஆரம்பித்து, ஹெல்மெட்டுக்குள் சில மில்லிமீட்டர் வழுக்குகிற மாதிரி ஓர் அடுக்கை வைத்தார்கள். இன்று பல ஹெல்மெட்டுகளில் மஞ்சளாக ஒரு மெல்லிய தகடு தெரிகிறதே, அதுதான் மிப்ஸ். விலை கூடும். கையில் காசிருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் சாதாரண ஹெல்மெட்டே போதும். தலையில் இருப்பதுதான் முக்கியம், கடையில் இருப்பது இல்லை.

(திரையில்: மருத்துவமனை வாசல், வரைபடமாக.)

ஒரு தேங்காயும் ஒரு ஹெல்மெட்டும் சாட்சி ஆகாது என்பீர்கள். நியாயம்தான். 1989-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வு வந்தது. ஹெல்மெட் தலைக் காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்றது. அந்த எண் ஊரெல்லாம் போஸ்டரில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் அது மிகை என்றார்கள். ஹெல்மெட் போடுகிற ஆள் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுகிற ஆளாக இருக்கலாம், அந்த நிதானத்தின் பலனையும் ஹெல்மெட் கணக்கில் எழுதக் கூடாது என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். 2016-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு புள்ளியியலாளர்கள், 40 ஆய்வுகளை, 64,000-க்கும் மேற்பட்ட காயம்பட்ட சைக்கிள்காரர்களை, ஒன்றாகப் போட்டு அலசினார்கள். தலைக் காயம் பாதியாகக் குறைகிறது, கடுமையான தலைக் காயம் இன்னும் அதிகமாக, சுமார் 69 சதவீதம் குறைகிறது என்று வந்தது. 85 இல்லை, 50தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 50 போதும்.

அப்படியானால் எல்லோரும் கட்டாயம் போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே? நம் நாட்டில் போட்டாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இருக்கிற பலருக்கே இது தெரியாது. தேசியச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 207-ஆம் விதி. பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டுபவரும், பின்னால் உட்கார்பவரும், தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் போட்டு, தாடைக்கடியில் வாரை மாட்டியிருக்க வேண்டும். 2004 முதல் இதுதான் சட்டம்.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா இருக்கிறார். தினமும் காலையில் ரொட்டி வாங்கச் சைக்கிளில்தான் போவார். இந்தச் சட்டத்தை அவரிடம் சொன்னேன். "அறுபது வருஷமா ஓட்டுறேன் தம்பி, தலை இன்னும் கழுத்துமேலதான் இருக்கு" என்றார். "தாத்தா, என் ஹெல்மெட்டைப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். குழிக்குள் விரலை விட்டுத் தடவினார். "நீ ஓட்டத் தெரியாம விழுந்திருக்கே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் இங்கே வந்த இத்தனை வருடங்களில், ஹெல்மெட் இல்லை என்று ஒரு சைக்கிள்காரரைப் போலீஸ் நிறுத்தியதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. காரணம் சொல்கிறேன்.

இந்த நாட்டில் சைக்கிள் என்பது இரண்டு சாதி. அக்டோபர் மாதம் மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் அமாஷோவா போட்டி நடக்கிறதே, அதில் வருகிற சைக்கிள் ஒன்று. அதை ஓட்டுகிறவர் தலையில் ஹெல்மெட் இல்லாமல் இருக்க மாட்டார். அவருக்கு அது சட்டை மாதிரி. இன்னொன்று, வேலைக்கும் பள்ளிக்கும் போகிற சைக்கிள். 2001-ல் அரசாங்கம் ஷோவா கலுலா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சும்மா மிதித்துப் போ என்கிற மாதிரியான பெயர். பல மைல் நடந்து பள்ளிக்குப் போகிற கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பது நோக்கம். கியூபேக்கா என்ற தொண்டு நிறுவனமும் இதே வேலையைச் செய்கிறது. சைக்கிளையே பிறர் கையிலிருந்து வாங்குகிற பிள்ளையிடம் போய், ஹெல்மெட் எங்கே, அபராதம் கட்டு என்று கேட்டால் என்ன நடக்கும்? அந்தப் பிள்ளை சைக்கிளை விட்டுவிட்டு மறுபடி நடக்கும். ஒரு மணி நேரம் நடந்து, களைத்து, வகுப்பில் தூங்கும்.

இது என் கற்பனை இல்லை. உலகத்திலேயே முதலில் இந்தச் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். ஹெல்மெட் போடுகிறவர்கள் கூடினார்கள், உண்மைதான். ஆனால் மெல்பர்ன் தெருக்களில் நின்று எண்ணியபோது, சைக்கிள் ஓட்டுகிற பதின்ம வயதுப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகவே குறைந்திருந்தார்கள். தலைமுடி கலைகிறது என்பதே பாதிப் பேருக்குக் காரணமாக இருந்திருக்கும், நாமும் அந்த வயதைத் தாண்டி வந்தவர்கள்தானே. சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டியில் 2022-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அபராதம் யார்மேல் விழுகிறது என்று பார்த்தால், வீடில்லாதவர்கள்மேலும் கறுப்பினத்தவர்கள்மேலும் அளவுக்கு மீறி விழுந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பந்தயக்காரர்கள்கூட ஒருகாலத்தில் போட மாட்டேன் என்றுதான் நின்றார்கள். 1991-ல் சர்வதேசச் சைக்கிள் சங்கம் கட்டாயப்படுத்தப் பார்த்தபோது எதிர்ப்புத் தெரிவித்துப் பின்வாங்க வைத்தார்கள். 2003-ல் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் பிரான்சில் நடந்த பந்தயத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு கட்டாயமாகிவிட்டது.

(திரையில்: இருவழிச் சாலை. ஓரத்தில் சைக்கிள். பின்னால் மினிபஸ் டாக்சி.)

இப்போது தேங்காயை ஓரமாக வைத்துவிட்டு டாக்சிக்கு வருவோம். ஊருக்குள் வேக வரம்பு 60. ஹெல்மெட் சோதிக்கப்படும் வேகம் சுமார் 20. வேகம் மூன்று மடங்கு என்றால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு. இரண்டரை சென்டிமீட்டர் தெர்மாகோல் அதற்கு என்ன செய்யும் பாவம்? தலையை மட்டும் ஏதோ கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். நெஞ்சும் இடுப்பும் முதுகும் திறந்தே கிடக்கின்றன. 2013 ஜனவரி 3 அன்று, நம் மாகாணத்தின் தென்கடற்கரையில், ஷெல்லி பீச்சில், பர்ரி ஸ்டாண்டர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். முந்தின வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தவர். வயது 25. மினிபஸ் டாக்சி மோதி இறந்துபோனார். சைக்கிள் ஓட்டத் தெரியாமல் விழுந்தார் என்று எங்கள் தாத்தாகூடச் சொல்ல முடியாது.

அந்த வருடமே மேற்குக் கேப் மாகாணத்தில் ஒரு விதி வந்தது. சைக்கிளைத் தாண்டிப்போகும் வண்டி குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒரு மீட்டர் எவ்வளவு என்று இதோ கையை நீட்டிக் காட்டுகிறேன். தோளிலிருந்து விரல் நுனி வரை, அதற்குமேல் ஒரு சாண். ஹிக்கின்சன் ஹைவேயில் அந்த இடைவெளியை விட்டுத் தாண்டிப் போன வண்டிகளை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போலிருக்கிறது, அவ்வளவு குறைவு.

இதையொட்டி ஒரு வேடிக்கையான ஆய்வு. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற உளவியலாளர், தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, சில நாள் ஹெல்மெட்டோடும் சில நாள் இல்லாமலும் ஓட்டினார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தனவாம். நீளமான விக் வைத்துப் பெண்போல ஓட்டியபோது நன்றாக விலகிப் போனார்களாம். இதைப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டே ஆபத்து என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அதே எண்களை 2013-ல் வேறு இருவர் திரும்ப அலசி, ஒரு மீட்டருக்குள் உரசிப் போகிற வண்டிகளை மட்டும் எடுத்தால் ஹெல்மெட்டால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆகவே விக் வாங்க வேண்டாம்.

நெதர்லாந்துக்காரர்களைப் பார், ஹெல்மெட்டா போடுகிறார்கள் என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும். அங்கே மக்களைவிடச் சைக்கிள் அதிகம், அன்றாடம் ஓட்டுகிற பெரும்பாலோர் வெறுந்தலைதான். ஆனால் 1971-ல் அந்த நாட்டுச் சாலைகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். தாய் தகப்பன்கள் தெருவில் இறங்கி, குழந்தைக் கொலையை நிறுத்து என்று கத்தினார்கள். பல வருடம் கத்தித்தான் கார் தனி, சைக்கிள் தனி என்று பாதை வந்தது. அவர்களுக்கு டாக்சிக்கு எதிரான ஹெல்மெட், அந்தப் பாதைதான். நம் நாட்டில் வருடத்துக்குச் சுமார் 12,000 பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பத்துக்கு நான்கு பேர் நடந்து போனவர்கள். நடப்பவனுக்கு எந்த ஹெல்மெட்டை மாட்டுவது?

அதனால் என் கணக்கு இது. விழுவதற்கு ஹெல்மெட், மோதுவதற்குச் சாலை. முதலாவது என் வேலை, நான் போடுகிறேன், என் மகளுக்கும் போட்டுவிடுகிறேன். இரண்டாவதைச் செய்ய வேண்டியவர்கள், 207-ஆம் விதியைக் காட்டி வேலை முடிந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

(திரையில்: மகள். பின்னல் போட்ட தலை. புது ஹெல்மெட்.)

போடுவது எப்படி என்று காட்டிவிடுகிறேன். நம் வீடுகளில் செய்கிற முதல் தப்பு, ஹெல்மெட்டைப் பின்னந்தலையில் தொப்பி மாதிரி வைப்பது. நெற்றி திறந்தே இருக்கும். விபூதி தெரிய வேண்டும் என்று யாரும் அப்படி வைப்பதில்லை என்று நம்புகிறேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், அதற்குமேல் இடைவெளி கூடாது. காதைச் சுற்றி இரண்டு வாரும் சேர்ந்து காதுமடலுக்குக் கீழே முனை சேர வேண்டும். தாடைக்கடியில் ஒரு விரல் நுழைகிற அளவு. "ஆ" என்று வாயைத் திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபடுவது தெரிய வேண்டும். கொண்டை போட்டால் உட்காராது. பின்னலைக் கழுத்துக்கருகே தாழ்த்திப் போட்டால் உட்காரும். வளரும் பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது.

அப்புறம், ஒருமுறை பலமாக அடிபட்டால் அது முடிந்தது. நசுங்கிய தெர்மாகோல் மறுபடி உப்பாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். யாரோ பயன்படுத்தியதை விலை குறைவாக வாங்காதீர்கள், அது விழுந்த கதையை விற்பவர் சொல்ல மாட்டார். டர்பன் வெயிலில் கார் டிக்கிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

தாத்தாவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பேரனுக்கு என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அளவு அவருடையது, அவருக்கும் அது தெரியும். போன செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்கப் போகும்போது ஹேண்டிலில் மாட்டியிருந்தார். தலைக்கு இன்னும் ஏறவில்லை.

உடைந்த தேங்காயைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போய்ச் சட்னி அரைத்துவிட்டார். மட்டைத் தேங்காய் இன்னும் பின்புறத்தில்தான் கிடக்கிறது. இதை உரிக்கக் கடப்பாரை வேண்டும். தெருவில் யாரிடமும் இல்லை.